ஓட்டாஞ்சில்லு

உங்களைப் பாத்துத் துப்பல தம்பி. அந்த பங்களா தாண்டுச்சுல்ல, அதைப் பாத்துத் துப்புனேன். காத்து இந்தப் பக்கம் அடிச்சு உங்க சட்டையில தெறிச்சிருச்சு. இந்தாங்க துண்டு, தொடச்சுக்கங்க. கோவிச்சுக்காதீங்க, எனக்கு இருக்குற கோவத்துக்கு இந்த பஸ்ஸே எரியணும்.

வத்தலக்குண்டுதானே போறீங்க? நாங்களும் அங்கதான். நாங்கன்னா நானும் என் மகளும். அந்தா, டிரைவருக்குப் பின்னாடி லேடீஸ் சீட்ல ஒத்தைச் சடை போட்டு உக்காந்திருக்கே, அதுதான். கோபிகா. என்கூட உக்கார மாட்டேன்னுருச்சு. உக்காராட்டிப் போகட்டும். நாளைக்கு விடியக்காலம் கல்யாணம். எங்க அக்கா மகன் நவநீதன்தான் மாப்பிள்ளை. குலதெய்வம் கோயில்ல வச்சு, சிம்பிளா. வயசா? பதினெட்டு ஆச்சு. ஆச்சு தம்பி, ஆச்சு. பாக்கச் சின்னதாத்தான் தெரியும், எங்க மலைக் குளிருக்குப் புள்ளைங்க சீக்கிரம் வளராதுங்க.

மண்டபத்துல ஜாம்ஜாம்னு நடக்க வேண்டிய கல்யாணம். கெடுத்தது யாரு? அந்த பங்களாவுக்கு வந்த பம்பாய்க்காரங்க. அவங்களைத்தான் துப்புனேன். அவங்க போயிட்டாங்க, பங்களா பூட்டிக் கெடக்கு, அது எனக்கும் தெரியும். இருந்தாலும் துப்பணும்போல இருந்துச்சு.

யூதப் புள்ளைங்க தம்பி. யூதருங்கன்னா எங்க மலையில வட்டக்கானல்ல சடை வளத்துக்கிட்டு, கிட்டாரு வச்சுக்கிட்டுத் திரியுறாங்களே வெள்ளைக்காரங்க, அவங்கதான்னு நானும் நெனச்சேன். பஸ்ஸை விட்டு எறங்குனதைப் பாத்தா எல்லாம் நம்ம மூஞ்சி. நம்ம கலரு. டீச்சரம்மா சுடிதார் போட்டு, நெத்தியில பொட்டு மட்டுந்தான் இல்ல. பேரு சிப்போரா. சர்ச்சுக்குப் போற நம்ம வேதக்காரங்க பேரு மாதிரி இருக்கேன்னு மகளை விட்டுக் கேட்டேன். எங்ககிட்ட இருந்துதான் அவங்களுக்குப் போச்சுன்னு சிரிச்சுச்சு. ரொம்பத் தலைமுறையா பம்பாய்ப் பக்கந்தானாம், மராட்டி பேசுறாங்க. ஆம்பளைப் பயலுக தலையில சின்னதா வட்டத் தொப்பி, ஊக்கு குத்தி வச்சிருக்கானுக. அது ஒண்ணுதான் வித்தியாசம்.

எதுக்கு வந்தாங்கங்குறீங்க? பாடம் படிக்க. சிரிக்காதீங்க, சத்தியமா. பள்ளிக்கூடத்துல லீவு விட்டா, புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு காட்டுக்கு வந்துர்றாங்க. காடு, தண்ணி, மண்ணு, மரம், இதெல்லாந்தான் பாடம். அதோட அவங்க சாமி விசயத்தையும் சேத்துச் சொல்லிக் குடுக்குறாங்க. சோலைக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி ஆளுக்கொரு மரத்தடியில உக்கார வச்சு, பேசாம இருங்கடான்னு விட்டுர்றது. அட்டை ஏறி ரத்தம் குடிக்குது, பம்பாய்ப் புள்ளை கத்தாம உக்காந்திருக்கு. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

சாப்பிட்டு முடிச்சா தட்டுல மிஞ்சுறதை எல்லாம் ஒரு வாளியில வழிச்சு, தராசுல தொங்கவிட்டு எடை பாக்குறாங்க. எச்சியை எடை போடுற கூட்டத்தை எங்கயாவது பாத்திருக்கீங்களா? வாளி எடை கொறைஞ்சா ஒரே கைதட்டு, ஆட்டம், பாட்டு. கூடிப் போச்சுன்னா டீச்சரம்மா ஒரு வார்த்தை திட்டாது, வாளியைப் பாத்துக்கிட்டே நிக்கும். அதுக்கே புள்ளைங்க தலையைத் தொங்கப் போட்டுரும். சாப்பிடும் முன்னாடி மரத்துல காய்ச்சதுக்கு ஒரு மந்திரம், மண்ணுல வெளைஞ்சதுக்கு ஒரு மந்திரம். சனிக்கிழமை ஆனா ஒரு எலையைக் கிள்ள மாட்டாங்க. என் மக ஆசையா ஒரு பூவைப் பறிச்சு ஒரு சின்னப் புள்ளைக்கு நீட்டுனா, அது கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, நாளைக்குக் குடு அக்கான்னுச்சாம்.

சரி, அவங்க வழக்கம், நமக்கென்ன. நான் நல்லாத்தான் இருந்தேன் தம்பி. பங்களாவுக்கு ஒட்டுனாப்புல என் தோட்டம். சோலைக்குப் போற தடம் என் தோட்டத்துக்குள்ளதான் போகுது. தாராளமாப் போங்கன்னேன். கேரட்டு, பீன்ஸு, முள்ளங்கி எல்லாம் என் தோட்டத்துல இருந்துதான் அவங்க சமையக்கட்டுக்கு. அதுலயும் கீரையை அந்தம்மா வெளிச்சத்துல ஒவ்வொரு எலையாத் தூக்கிப் பாக்கும், பூச்சி இருக்கக்கூடாதாம். ஒரு கட்டுக் கீரையை ஆய ஒரு மணி நேரம்! அதுக்கும் நான் ஒண்ணும் சொல்லல.

என் மகளை விட்டதுதான் நான் பண்ண தப்பு. தப்புன்னா, எனக்கு என்ன சோசியமா தெரியும்? அவங்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீசு தெரியாது. இவ நல்லாப் பேசுவா. ப்ளஸ் ஒன் பரிட்சை எழுதிட்டு வீட்டுல சும்மாத்தானே இருக்கு, கூடப் போயி நான் சொல்றதை அவங்களுக்குச் சொல்லு, அவங்க சொல்றதை எனக்குச் சொல்லுன்னு அனுப்புனேன். காலையில போனா சாயங்காலந்தான் வருவா. வந்து வாய் ஓயாது. அப்பா, இந்த சோலை மரம் பஞ்சு மாதிரி தண்ணியைப் புடிச்சு வைக்குதாம். அப்பா, யூகலிப்டஸ் எல்லாம் வெளிநாட்டு மரமாம். ஏண்டி, நான் இந்த மலையிலயே பொறந்தவன், எனக்கு நீ சொல்றியான்னு கேப்பேன். கேட்டாலும் ஒரு பெருமைதான். பொய் சொல்லல, பெருமையாத்தான் இருந்துச்சு.

ப்ளஸ் ஒன் படிச்சா பதினெட்டு எப்படி ஆகும்னு பாக்குறீங்களா? ஒரு வருசம் லேட்டாச் சேத்தேன். ரெண்டு வருசம்னே வச்சுக்கங்களேன். கதையைக் கேளுங்க.

என் தோட்டத்துல அஞ்சு பீச் மரம் இருக்கு. ஒட்டுக்கன்னு. நர்சரியில வாங்கி நானே குழி வெட்டி, நானே சாணி கரைச்சு ஊத்தி வளத்தது. இந்தச் சித்திரையில காய்ச்சுச்சு பாருங்க! மொத காய்ப்பு. செக்கச் செவேல்னு, தொட்டா கன்னம் மாதிரி. வீட்டுல ஒருத்தரும் ஒரு பழத்தைத் தொடல. என் சம்சாரம் மேகலா சாமிக்கு வைப்போம்னா. நான் சொன்னேன், அந்தப் புள்ளைங்க சாமி சாமின்னு மரத்துக்கெல்லாம் மந்திரம் சொல்லுதுங்க, அதுங்களுக்கே மொத பழத்தைக் குடுப்போம்னேன். நல்ல மனசோடதானே சொன்னேன்? நீங்களே சொல்லுங்க.

கூடை நெறையப் பறிச்சு, ஒவ்வொண்ணாத் துண்டால தொடச்சு, தூக்கிட்டுப் போனேன். புள்ளைங்க வட்டமா உக்காந்திருக்கு. ஆளுக்கொண்ணு கையில குடுத்தேன். மந்திரம் சொல்லத் தயாராயிருச்சுங்க. ஒரு குண்டுப் பய வாய்கிட்டயே கொண்டு போயிட்டான். அப்ப நான் சும்மா இருந்திருக்கணும். என் வாயி இருக்கே! மகளைக் கூப்புட்டு, ஏய் சொல்லுடி, இது நட்டு ரெண்டே வருசந்தான், ரெண்டு வருசத்துல எவன் தோட்டத்துலயும் இப்படிக் காய்ச்சது கெடையாதுன்னு சொல்லுன்னேன். அவளும் சொன்னா.

அவ்வளவுதான். குண்டுப் பய பழத்தை எறக்கிட்டான். எல்லாப் புள்ளையும் டீச்சரம்மா மூஞ்சியைப் பாக்குது. அந்தம்மா மூஞ்சி செத்துப் போச்சு. எந்திரிச்சு வந்து, ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டு, என்னமோ சொல்லுச்சு. என் மக எனக்குச் சொல்றா: அப்பா, மரம் நட்டு மூணு வருசம் வரைக்கும் அதோட பழத்தை இவங்க தொடக்கூடாதாம்பா. திங்கவும் கூடாது, அடுத்தவங்களுக்குக் குடுக்கவும் கூடாது. சின்ன மரம்பா. அது மொதல்ல வேர் விடணுமாம். தனக்குன்னு கொஞ்ச காலம் அது நிக்கணுமாம்.

ஒண்ணொண்ணா எந்திரிச்சு வந்து கூடையில திருப்பி வைக்குதுங்க தம்பி. என் கையால குடுத்த பழத்தை. நான் கூடையைப் புடிச்சுக்கிட்டு நிக்குறேன், ஒரு பழம், இன்னொரு பழம்னு விழுந்துக்கிட்டே இருக்கு. எங்க அப்பன் செத்தன்னைக்குக்கூட நான் அப்படிக் கூனிக் குறுகி நின்னதில்ல.

வேர் விடணும்னு எனக்குத் தெரியாதா? மொத வருசம் பூ வச்சா நானே கிள்ளி எறிவேன். அப்பதான் மரம் தெடமா வரும். சின்ன மரத்துல காயை விட்டா கிளை ஒடிஞ்சிரும், மரம் மலடாயிரும். இதைப் பம்பாய்க்காரி எனக்குச் சொல்லித் தரணுமா? அது வெவசாயம். பழத்தைத் திருப்பிக் குடுக்குறது வேற. அது மரியாதை இல்லாத வேலை.

அதைவிட எரிச்சல் என்ன தெரியுமா? அந்தம்மா அப்புறம் என் மகளை மட்டும் கூட்டிக்கிட்டுத் தனியா வந்து, என்னைச் சமாதானப்படுத்துறதா நெனச்சுக்கிட்டு ஒண்ணு சொல்லுச்சு. அண்ணா, எங்க முன்னோருங்க விட்டு வந்த பூர்வீக நாட்டுக்கு வெளியில, மரத்தோட வயசு சந்தேகமா இருந்தா நாங்க சாப்பிடலாம். வயசு நிச்சயமாத் தெரிஞ்சுட்டாத்தான் கூடாது. நீங்க சொல்லாம இருந்திருந்தா சாப்பிட்டிருப்போம். தெரிஞ்சதுக்கு அப்புறம் தெரியாத மாதிரி இருக்க முடியாதுல்லன்னுச்சு. எப்படி இருக்கு ஞாயம்? அப்ப உண்மையைச் சொன்னவன் கேனை! அன்னைக்கு முடிவு பண்ணேன் தம்பி, இனி எதோட வயசையும் எவன்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு.

சன்னலைச் சாத்தட்டா? சாரல் அடிக்குது. இந்தக் கண்ணாடி ஒரு நாளும் ஒழுங்கா நகராது. இந்த வளைவு தாண்டட்டும், பின் சீட்ல அந்தக் கைப்புள்ளை வேற வாந்தி எடுக்குது பாவம்.

மறுநாள் காலையில தோட்டத்துக்குப் போறேன். போய்ப் பாத்தா என் அஞ்சு மரத்தையும் சுத்தி ஓட்டாஞ்சில்லு! ஒடைஞ்ச ஓடு, ஒடைஞ்ச பானை, எல்லாத்தையும் பொறுக்கி மரத்தடியில வட்டமாக் குத்தி வச்சிருக்குதுங்க. நம்மள்ல ஒடைஞ்ச சட்டி எங்க கெடக்கும்? சுடுகாட்டுல கெடக்கும். கொள்ளிச் சட்டி ஒடைச்ச எடத்துல கெடக்கும். மொத காய்ப்பு மரத்தைச் சுத்தி வைக்குற பொருளா அது? உதைச்சுத் தள்ளப் போறேன், என் மக ஓடி வந்து குறுக்க நிக்குறா. வேணாம்பா, அது அடையாளம்பா. வழியில போறவன் பசியில தெரியாம பறிச்சிறக்கூடாதுல்ல, அதுக்குத்தான் அந்தக் காலத்துல இருந்து இவங்க இப்படி வைப்பாங்களாம். இது இன்னும் பறிக்குற வயசு இல்லன்னு பாக்குறவனுக்குத் தெரியணும்ல. இப்படிச் சொல்றா. யாரு மரத்துக்கு யாருடி அடையாளம் வைக்குறதுன்னு கத்துனேன். எனக்குப் புடிச்சிருக்குப்பான்னா. என்னத்தடி புடிச்சிருக்குன்னேன். குனிஞ்சு, சரிஞ்சு கெடந்த ஒரு சில்லை நேரா நிமித்தி வச்சா.

நேரா பங்களாவுக்குப் போயி உண்டு இல்லைன்னு ஆக்கிட்டேன். என் மக எடுத்துச் சொல்லி, அந்தம்மாவுக்கு விசயம் புரிஞ்சதும் பதறிப் போச்சு. ஒடைஞ்ச பானை உங்களுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாது அண்ணா, எங்க தப்பு, உங்ககிட்டக் கேக்காமச் செஞ்சது பெரிய தப்புன்னு சொல்லி, புள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து ஒவ்வொரு சில்லையும் அதுவே குனிஞ்சு பொறுக்குச்சு. அப்பக்கூட என் ஆத்திரம் அடங்கல. ஒரு ஆளு சண்டைக்கு நின்னா சண்டை போடலாம். இப்படிக் குனிஞ்சு மன்னிப்புக் கேட்டா என்ன பண்றது? அந்தச் சில்லையெல்லாம் ஒரு பையில போட்டுத் தூரக் கொட்டச் சொன்னேன். என் மக நான் கொட்டுறேன்னு வாங்கிக்கிட்டா.

கொட்டினாளா? அங்கதான் வருது.

எங்க அக்கா பஞ்சவர்ணம் பூ வைக்க வந்துச்சு. அக்கான்னா சும்மா அக்கா இல்ல தம்பி. ஆத்தாவும் அப்பனும் போனப்ப நான் அரை டவுசர். அது கூலி வேலைக்குப் போயி எனக்குச் சோறு போட்டுச்சு. தான் கட்டிக்க வேண்டிய வயசுல கட்டிக்காம, என்னை ஒரு ஆளாக்கிட்டுத்தான் கட்டிக்கிச்சு. என் மக பொறந்தன்னைக்கு ஆசுபத்திரியில கையில வாங்குனதே அதுதான். இது என் வீட்டுக்கு வர்ற புள்ளைடான்னு சொல்லுச்சு. ஆமாக்கான்னேன். ஒரு வார்த்தை. அதுக்கு அப்புறம் அக்கா எங்கிட்ட வேற ஒண்ணுமே கேட்டதில்ல. அந்த வார்த்தையை நான் எப்படி மீறுவேன்? நவநீதன் அடுத்த மாசம் துபாய் போறான். இருபத்தெட்டாச்சு. கட்டி வச்சு அனுப்புனாத்தான் பய ஒழுங்கா இருப்பான்னு அக்கா நெனைக்குது. தப்பா?

அக்கா, மாமா, மாப்பிள்ளை, இன்னும் நாலு சனம், வேன் வச்சு வந்துட்டாங்க. பூ, பழம், பட்டுச்சீலை எல்லாம் தட்டுல. போயிப் புள்ளையை நானே கூட்டிட்டு வர்றேன்னு அக்கா உள்ள போச்சு. போன வேகத்துல அய்யோன்னு ஒரு சத்தம். ஓடுனேன். உள் ரூம்புல நடுத் தரையில என் மக சம்மணம் போட்டு உக்காந்திருக்கா. அவளைச் சுத்தி வட்டமா ஓட்டாஞ்சில்லு. அத்தனை சில்லும். ஒடைஞ்ச ஓடு, ஒடைஞ்ச பானை. நடுவுல இவ.

என்னடி இது அபசகுனம், எழவு வீடாடி இதுன்னு அக்கா நெஞ்சுல அடிச்சுக்குது. இவ நிமிந்து பாத்து, சத்தமே போடாமச் சொல்றா: யாரும் தெரியாம பறிச்சிறக்கூடாதுன்னு வச்சிருக்கேன் அத்தை.

அக்காவுக்கு என்ன புரியும்? பேய் புடிச்சிருக்குன்னு நெனச்சிருச்சு. கொண்டாந்த பூவைக்கூடக் கீழ வைக்காம வேன்ல ஏறிருச்சு. நான் வேன் பின்னாடியே ஓடுறேன், தெருவே வேடிக்கை பாக்குது. திரும்பி வந்தேன். கையை ஓங்கிட்டேன் தம்பி. ரெண்டு அடி இல்ல, கூடவே விழுந்துச்சு. மேகலா குறுக்க வந்து அவளும் வாங்கிக்கிட்டா. பெத்தவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா? என்ன அப்படிப் பாக்குறீங்க? உங்களுக்குப் பொம்பளைப் புள்ளை இருக்கா? பொறக்கட்டும், அப்பத் தெரியும்.

அப்படியே அவ கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு பங்களாவுக்குப் போனேன். அவங்க ஊருக்குக் கெளம்ப மூட்டை கட்டிக்கிட்டு இருந்தாங்க. டீச்சரம்மாவைக் கூப்புட்டு நிறுத்தி, என் புள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக் குடுத்தே, கேளுடின்னேன். இவ கேட்டா. நாங்க மரத்தைப் பத்தி மட்டுந்தான் சொன்னோம்னு அந்தம்மா சொல்லுச்சாம். அப்புறம் இவ மூஞ்சியைப் பாத்துச்சு. கன்னம் கொஞ்சம் வீங்கி இருந்துச்சு. ரொம்ப நேரம் பாத்துட்டு எங்கிட்ட என்னமோ கேட்டுச்சு. என்ன கேக்குதுன்னேன். எனக்கு என்ன வயசுன்னு கேக்குறாங்கப்பான்னா.

மரத்துல ஏமாந்தவன் மறுபடி ஏமாறுவேனா? பதினெட்டுன்னு சொல்லுடின்னேன். இவ அந்தம்மா பக்கம் திரும்பி இங்கிலீசுல என்னமோ சொன்னா. பதினெட்டுன்னுதான் சொல்லிருப்பா. நான் சொன்னதைத்தானே அவ சொல்லணும்? எத்தனை நாளா சொல்லிக்கிட்டு இருந்தா, ஒரு வார்த்தை மாத்துனது கெடையாது. ஆனா அந்தம்மா கண்ணு கலங்கிருச்சு. பதினெட்டுன்னு சொன்னா எதுக்குக் கண்ணு கலங்கணும்? எனக்கு அது இன்னை வரைக்கும் வெளங்கல.

அவங்க போனதும் ஊருக்குள்ள ஜீப்பு வருது. புள்ளைங்க விசயம் பாக்குற ஆபீசரம்மா ஒண்ணு, ஒரு போலீசுக்காரர். உங்க வீட்டுல கல்யாணமான்னு கேக்குறாங்க. எவன் சொன்னது, எங்க வீட்டுல கல்யாணமே இல்லைன்னுட்டேன். பூ வச்சாத்தானே கல்யாணம்? பூவைத்தான் அக்கா திருப்பி எடுத்துட்டுப் போயிருச்சே. ஒரு விதத்துல உண்மையைத்தான் சொன்னேன். பரிட்சை முடிவு வந்துருச்சா, ப்ளஸ் டூ எப்பச் சேக்கப் போறீங்கன்னு ஆபீசரம்மா கேட்டுச்சு. சேக்கலாம்னேன். போயிட்டாங்க. மண்டபத்துக்காரன் வேற ஆதார் கார்டு கொண்டா, இல்லாட்டி மண்டபம் கெடையாதுங்குறான். அவன் கல்யாணத்துக்கு நான் கேட்டேனா ஆதார் கார்டு?

நான் வத்தலக்குண்டுக்குப் போயி அக்கா கால்ல விழுந்தேன். நெடுஞ்சாண்கிடையா விழுந்தேன். எந்திரிடான்னு அக்கா தூக்கி விட்டுச்சு. அப்புறம் சொல்லுச்சு, மலையில வச்சு எதுவும் வேணாம்டா, ஒடைஞ்ச சட்டி கெடந்த வீட்டுக்கு நான் வர மாட்டேன். புள்ளையைக் கீழ கூட்டிட்டு வா. குலதெய்வத்துக்கு முன்னாடி தாலியைக் கட்டிருவோம். ஆளு சேக்காதன்னுச்சு. அதான் கூட்டிட்டுப் போறேன். மேகலா வரல. தலைவலியாம். பெத்த மக கல்யாணத்துக்கு வராத அளவுக்கு அப்படி என்ன தலைவலியோ, துணியைச் சுத்திக்கிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. புள்ளை போயிட்டு வர்றேம்மான்னு சொல்றா, திரும்பக்கூட இல்ல. பொம்பளைங்க மனசு எனக்குப் புரியவே மாட்டேங்குது.

இவளும் அதுக்கு அப்புறம் ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. பேசாம டிரெஸ்ஸை எடுத்து வச்சா. பேசாம பஸ் ஏறுனா. அடங்கிட்டா. அதுல எனக்கு ஒரு நிம்மதி. முந்தாநாளு ஒரே ஒரு தடவை கேட்டா, ப்ளஸ் டூ மட்டும் முடிச்சுக்கிறேம்பா, அப்புறம் நீங்க சொன்ன எடத்துல கழுத்தை நீட்டுறேன்னு. அத்தைகிட்ட நானே கேக்கட்டான்னா. கேட்டு என்ன ஆகப் போகுது? துபாய் போறவன் காத்துக்கிட்டு இருப்பானா?

அந்த டீச்சரம்மா மட்டும் வராம இருந்திருந்தா! மரம் நட்டு எத்தனை வருசம்னு கேக்குறதுக்கு ஒரு கூட்டம், புள்ளைக்கு எத்தனை வயசுன்னு கேக்குறதுக்கு ஒரு கூட்டம். ஜீப்புல வந்து கேக்குறான், மண்டபத்துல கேக்குறான், பஸ்ஸுல ஏறுனா நீங்க கேக்குறீங்க. பதினாறு தம்பி! பதினாறு! போதுமா? ஆவணி வந்தா பதினேழு. அதுக்கென்ன இப்ப? எங்க ஆத்தா பதிமூணுல கட்டுச்சு, அது என்ன கொறைஞ்சு போச்சு? மூணாவது பிரசவத்துல போயிருச்சு, அது விதி, அதுக்கும் வயசுக்கும் என்ன சம்பந்தம்? உங்களை வெளியாளுன்னு நம்பிச் சொல்றேன். இங்க எறங்கிட்டா நீங்க யாரோ, நான் யாரோ. மனசுல வச்சுக்கங்க.

வந்தாச்சு, வத்தலக்குண்டு. இன்னும் ரெண்டு ஸ்டாப்பிங். எங்க அக்கா பஸ் ஸ்டாண்டுல நிக்கும். நீங்க நல்லாக் கேட்டுக்கிட்டு வந்தீங்க தம்பி, ஒரு வார்த்தை குறுக்க பேசல, மனசு லேசாயிருச்சு. இந்தக் காலத்துல யாரு அடுத்தவன் கஷ்டத்தைக் காது குடுத்துக் கேக்குறா?

எதுக்கு நிறுத்துறான் இங்க? இது ஸ்டாப்பிங்கே இல்லையே. போலீஸ் ஸ்டேசன்ல எவன் எறங்குறான்? விசில் அடிச்சது யாரு? ஏய். ஏய் கோபிகா! எதுக்கு எந்திரிக்கிற? நம்ம எறங்குற எடம் இது இல்லடி, உக்காரு! கண்டக்டரு, அந்தப் புள்ளையை எறக்கி விடாதீங்க, அது என் மக! என்னடி சொல்ற அவருகிட்ட? சத்தமாச் சொல்லு. பதினாறா? யாருடி உன்கிட்ட வயசைக் கேட்டா? டிரைவர், கதவைத் தொறக்காதய்யா! ஏய் நில்லு! அப்பா சொல்றேன், நில்லு!

தம்பி, கொஞ்சம் வழி விடுங்க, நான் போகணும். எந்திரிங்க. காலையாவது மடக்குங்க தம்பி, புள்ளை எறங்குது, பாத்துக்கிட்டே இருக்கீங்களே! அது ஸ்டேசன் வாசப்படி ஏறுது. தம்பி, உங்களைத்தான். என்ன இப்படிக் கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க? இம்புட்டு நேரம் நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே வந்தீங்க?